தலைநகரில் உறங்கிய சட்டம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், ஜனாதிபதி மாளிகையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்திலிருந்த போஜனசாலைகளில்கூட, கையில் காசும் வயிற்றில் பசியுமாக வந்த கறுப்பின மக்களுக்கு ஒரு கோப்பைக் காபியும் கிடையாது என்று சொல்லித் திருப்பியனுப்புவது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சர்வசாதாரணமான வழக்கமாயிருந்தது. பெரிய கடைகளில் அவர்கள் துணிமணி வாங்கலாம். அதே கடையின் உணவுப் பகுதியில் வெள்ளையருக்குச் சமமாக உட்கார்ந்து உண்ணலாகாது. ரயில் நிலையத்தையும் சர்க்கார் காரியாலயச் சிற்றுண்டிச்சாலைகளையும் விட்டால் நகரின் மத்தியில் அவர்களுக்கு வேறு புகல் அரிது.

இது ஏதோ அநாதி ஆசாரமென்று எண்ணிவிடக் கூடாது. அடிமைத்தளை அறுந்து பத்தாண்டுகள்கூட நிரம்பாத 1872, 1873ஆம் வருஷங்களில், அந்நகரத்துச் சட்டசபையே, மரியாதையாக நடந்துகொள்ளும் எவருக்கும் நிறபேதம் பாராட்டாமல் உணவளிக்க வேண்டுமென்றும், மறுப்பவருக்கு 100 டாலர் அபராதமும் ஓராண்டு லைசென்ஸ் பறிப்பும் தண்டனையென்றும் விதித்திருந்தது. 1874இல் அந்தச் சபை கலைந்தது. 1901இல் சட்டங்களைத் தொகுத்தவர்கள் இவற்றைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. ரத்துச் செய்தவர் ஒருவருமில்லை. அமல் நடத்தியவரும் இல்லை. அநியாயம் ஆசாரமாக வேரூன்றியதற்கு இந்த மறதியே பெரிய துணை என்பது என் துணிபு.

உறங்கிக் கிடந்த அச்சட்டங்களை எழுப்பியவர் மேரி சர்ச் டெரல் அம்மையார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1863இல் பிறந்து, அந்நாளிலேயே பட்டம் பெற்று, நகரக் கல்விக் குழுவிலும் அங்கம் வகித்த அவர், ஊன்றுகோலின் துணைகொண்டு நடமாடிய 86ஆம் பிராயத்தில், 1950ஆம் வருஷத் தொடக்கத்தில், கறுப்பர் இருவரும் வெள்ளையர் ஒருவருமாகிய துணைவருடன் தாம்ப்ஸன் என்ற உணவுசாலைக்குள் நுழைந்து, மறுக்கப்பட்டதும் வழக்குக்கு வழி செய்தார். கீழ்க்கோர்ட்டுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்பளித்துக்கொண்டிருந்த மூன்றாண்டுகளும் அவர் வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. பனியிலும் வெயிலிலும் கடைவாசல்களில் மறியல் நடத்தி, பகிஷ்காரத்தின் பலத்தால் ஹெக்ட் என்னும் பெருங்கடையை 1952 ஜனவரியில் பணிய வைத்தார். எனக்கு நியாயஸ்தலத்தின் வெற்றியைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

1953 ஜூன் 8ஆம் தேதி, 1873ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஜீவனோடிருக்கிறதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாட்களுக்குள் அம்மையார் அதே தாம்ப்ஸன் உணவுசாலையில் உணவருந்தினார். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். அத்தீர்ப்பு தலைநகரின் எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. தென் மாகாணங்களின் உணவுசாலைகளைத் திறந்துவிடும் பொதுச் சட்டம் 1964இல்தான் வந்தது.