குரல் கம்மும் முன்

“நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா.”

தீக்காயத்தில் ஒரு பெண் இறந்துபோன வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால் யாராவது ஒருவர் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்துவிடும். நான் முதன்முதலாகக் கேட்டது 1988இல். விக்கிரவாண்டியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து இரண்டு வருடமான அக்கா. விளக்கு வைக்கும் நேரத்தில் அலறல் கேட்டு எல்லோரும் ஓடினோம். யாரோ கோணிச்சாக்கைப் போட்டு அணைத்திருந்தார்கள். யாரோ இங்க் பாட்டிலைக் கொண்டுவந்து மேலே ஊற்றினார்கள். வாழையிலையில் கிடத்தி, வாடகை அம்பாசிடரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். அந்த நேரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள். குரல் அவளுடையதாக இல்லை. அம்மியில் மணலைப் போட்டு அரைத்தது போல இருந்தது. “கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சி” என்றார் என் அம்மா.

ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்டபோது, ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அவள் சொன்னாளாம். தலைமாட்டில் நாத்தனார் நின்றிருந்தாள். அவள் இடுப்பில் அக்காவின் ஒரு வயதுக் குழந்தை. விடிவதற்குள் மூச்சு நின்றுபோனது. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா என்று காலையில் தெருவே சொன்னது.

மறுநாள் அந்த வீட்டு அடுப்படியைக் கழுவிவிடப் போன பெண்களில் என் அம்மாவும் ஒருவர். பம்ப் ஸ்டவ் மேடை மேலேயே இருந்தது என்பதையும், அதன் பித்தளைத் தொட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை என்பதையும் நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னார்.

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“யாருகிட்ட சொல்றது? செத்தவளே ஸ்டவ்வுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அதுக்கு மேல நான் யாரு?”

அது கொலை என்று நான் எழுத வரவில்லை. அவளே மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டிருக்கலாம். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்தக் கம்மிய குரல். அதை ஊரே கேட்டது. அதன் பொருள் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தீயில் சிக்கியவரின் குரல் கம்முவது மூச்சுப்பாதை வெந்திருக்கிறது என்பதற்கான முதல் அடையாளங்களில் ஒன்று என்று மருத்துவம் சொல்கிறது. மூக்குமுடி கருகியிருப்பது, எச்சிலில் கரி வருவது, மூடிய அறைக்குள் எரிந்திருப்பது ஆகியவை மற்றவை. சூடான புகையை இழுத்த குரல்வளை உடனே அடைத்துக்கொள்வதில்லை. சில மணி நேரத்தில் வீங்கத் தொடங்கும், ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதுவரை அந்தப் பெண் பேசுவாள். பெயர் சொல்வாள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்களா என்று கேட்பாள். ஆழமாக வெந்த தோலில் நரம்பும் வெந்துவிடுவதால் சில நேரம் வலிகூட அவ்வளவாகத் தெரியாது. வீட்டார் இதைப் பிழைப்பதற்கான அறிகுறி என்று நினைத்துவிடுகிறார்கள். உள்ளே வழி குறுகிக்கொண்டே வருகிறது. வீக்கம் முற்றுவதற்கு முன்பே வாய்வழியாக ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தியாக வேண்டும். பிந்தினால் குழாய் நுழைய இடமிருக்காது, கழுத்தில் துளை போட வேண்டிவரும்.

இந்த அறிவு பெரும் சாவுகளிலிருந்து வந்தது. 1942 நவம்பர் 28 இரவு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோக்கநட் க்ரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் பலரின் தோலில் பெரிய காயம் இல்லை. புகை கொன்றிருந்தது. தீக்காயம் என்றால் தோல் மட்டும்தான் என்றிருந்த மருத்துவம் நுரையீரல் பக்கம் திரும்பியதில் அந்த இரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கார்பன் மோனாக்சைடின் கதை அதற்கும் மூத்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். பிரிட்டனில் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1890களில் அதைத் தானே சுவாசித்துப் பார்த்துத் தன் தள்ளாட்டத்தைக் குறித்துவைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கானரிக் குருவிகளைக் கொண்டுபோகும் வழக்கம் அவர் யோசனையில்தான் வந்தது. சுரங்கம் ஆண்கள் வேலை செய்த இடம். விறகும் வறட்டியும் எரியும் அடுப்படிக்கு ஒருவரும் குருவி கொண்டுவந்ததில்லை.

சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணியில் பாதியாகும். அதனால்தான் புகையில் மாட்டியவருக்கு முதல் மருந்து ஆக்சிஜன். கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இங்கே ஏமாற்றும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மூளை திணறிக்கொண்டிருக்கும்போதும் அது 98, 99 என்று காட்டும். இரத்தத்தை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். எண்பதுகளில் நம் பெண்கள் ஆசையாகக் கட்டிய நைலக்ஸ் புடவை எரியும்போது சயனைடு வாயுவும் சேர்ந்து வரும் என்பதை இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

குழாய் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டு குரல்நாண்களுக்கு நடுவில். அது உள்ளே இருக்கும்வரை மூச்சு உண்டு, பேச்சு இல்லை. ஆக, தீயிலிருந்து வந்த பெண் தன் வாயால் பேசக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம். மருத்துவருக்கு அந்த நேரத்தில் குழாய் போட வேண்டும். சட்டத்துக்கு அதே நேரத்தில் வாக்குமூலம் வேண்டும். குடும்பத்துக்கு அதே நேரத்தில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்ற பதைப்பு. மூன்றும் ஒரே தொண்டையின் முன்னால் நிற்கின்றன. எங்கள் தெரு அக்காவின் தலைமாட்டில் நின்றது மூன்றாவது மட்டும்தான்.

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்தவர் தன் சாவின் காரணம் பற்றிச் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 26ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சாகப்போகிறவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. இந்த நம்பிக்கையை எழுதிவைத்த ஆண்கள், குழந்தையை மாமியார் வீட்டில் விட்டுவிட்டுச் சாகும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். தான் போன பிறகு பிள்ளைக்குச் சோறு போடப்போகிற கைகளைப் பார்த்துக்கொண்டுதான் அவள் பேச வேண்டியிருக்கிறது. “ஸ்டவ் வெடிச்சிடுச்சி” என்பது பிள்ளைக்காக அவள் எழுதிவைத்த உயில்.

அப்படிப்பட்ட உயில்கள் எத்தனை! 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர் என்றும் அவர்களில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள் என்றும் கணக்கிட்டது. பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். காவல்துறைக் கணக்கைப் போல இது ஆறு மடங்கு. ஸ்டவ்வுக்கு வயது பார்த்து வெடிக்கத் தெரிந்திருக்கிறது.

டெல்லியில் 1979இல் மகளைத் தீயில் இழந்த சத்யராணி சதாவைப் போன்ற தாய்மார்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் சட்டம் அசைந்தது. 1983இல் 498ஏ வந்தது. கல்யாணமான ஏழு ஆண்டுக்குள் இறக்கும் பெண்ணுக்குப் பிரேதப் பரிசோதனை கட்டாயம் என்ற நிலையும் அப்போது வந்தது. 1986இல் வரதட்சிணைச் சாவு தனிக் குற்றமானது. பிரேதப் பரிசோதனையில் மருத்துவர் தேடுவது மறுபடியும் மூச்சுக்குழலைத்தான். அதன் உள்சுவரில் கரி படிந்திருந்தால், இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தால், தீப்பற்றியபோது அவள் உயிரோடு மூச்சு விட்டாள் என்று பொருள். கொன்றுவிட்டு எரித்தார்களா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் இதைத்தான் பெரிதும் பார்க்கின்றன. இல்லாவிட்டால் கொன்றபின் எரித்தார்கள் என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. வெட்டவெளியில் குபீரென்று பிடித்த தீயில் கரி குறைவாக இருக்கலாம். உயிரோடிருந்தபோது நம்பப்படாத தொண்டை செத்த பிறகு சாட்சி சொல்கிறது. அதுவும் அவள் உயிரோடிருந்தாள் என்பதற்கு மட்டும்.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தீயில் இறங்கிய பெண்ணின் குரல் என்று நம் இலக்கியம் பாதுகாத்து வைத்திருப்பது பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டின் பாட்டு, புறநானூற்றில் 246ஆவது. தடுத்தவர்களை மறுத்துத் தீயைத் தேர்ந்தெடுத்தவளின் குரல் அது. எங்கள் வடமாவட்டங்களில் ஏரிக்கரைகளில் தீப்பாஞ்சம்மன்கள் இருக்கிறார்கள். பொங்கல் வைக்கிறோம், கும்பிடுகிறோம். விரும்பி இறங்கியதாகச் சொல்லப்பட்டவளுக்குப் பாட்டும் கல்லும் கிடைத்தன. “எரியுது, தண்ணி குடுங்க” என்றவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

குரல் போன பெண்ணை நீதிமன்றம் எப்படிக் கேட்டது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. துலாரி என்ற இளம்பெண், பாலியல் தொழில் செய்தவள். கழுத்து அறுபட்டுக் கிடந்தாள். பேச முடியவில்லை, நினைவு இருந்தது. கேள்விகள் கேட்டார்கள், கையை அசைத்துப் பதில் சொன்னாள். கேள்வியும் சைகையும் சேர்ந்து வாய்மொழிதான் என்று முழு அமர்வு ஏற்றது. அப்துல்லா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் குற்றவாளியின் பெயரால் அது நிலைத்துவிட்டது. நான் துலாரி வழக்கு என்றே என் மாணவிகளிடம் சொல்கிறேன். 2012 டிசம்பரில் டெல்லியில், வாயில் குழாயோடு இருந்த மாணவி மாஜிஸ்திரேட்டின் கேள்விகளுக்குச் சைகையாலும் எழுத்தாலும் பதில் சொன்னாள். 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. குழாய் போட்டால் வாக்குமூலம் போய்விடும் என்று தயங்க வேண்டியதில்லை என்பது 1885இலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. வார்டில் நிற்கிறவர்களுக்கு அது தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊருக்கு வருகிறேன். விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் வந்தது. 108 வண்டி அதற்கு இரண்டாண்டு முன்னால். 1988இல் இரண்டும் இல்லை, ஜிப்மருக்குப் பாண்டிச்சேரி வரை போக வேண்டும். 2020 மே 10ஆம் தேதி, ஊரடங்கு நாளில், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமத்தில் வீட்டில் தனியாக இருந்த பத்தாம் வகுப்பு மாணவி எரிக்கப்பட்டாள். முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாஜிஸ்திரேட்டிடம் இரண்டு பேரின் பெயரைச் சொன்னாள். மறுநாள் இறந்துபோனாள். அவள் பேசும் வீடியோ எல்லோர் செல்போனிலும் சுற்றியது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் குரல் 1988க்கு என்னை இழுத்தது. அவளுக்குத் தலைமாட்டில் அதிகாரி வந்து நின்றார், பெயர்கள் பதிவாயின, இருவர் கைதானார்கள். இவ்வளவு மாறியிருக்கிறது. ஆனால் வாக்குமூலம் அவளுடைய கடைசிப் பேச்சு. அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பும் உரிமையை யார் கொடுத்தார்கள்?

பிழைத்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. குழாய் எடுத்த பிறகும் பலருக்குக் குரல் பழையபடி திரும்புவதில்லை. மூச்சுக்குழல் சுருங்கிப்போவதும் உண்டு. சென்னையில் 2001இலிருந்து இயங்கும் பிசிவிசி அமைப்பு, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவோடு சேர்ந்து ‘விடியல்’ என்ற மையத்தை நடத்துகிறது. முகம் வெந்த பெண்கள் கண்ணாடி பார்க்கவும் பேருந்தில் ஏறவும் அங்கே துணை கிடைக்கிறது. அந்த அமைப்பின் துணையோடு 2018இல் சென்னையில் திறந்த ஒரு காபிக் கடையில் அப்படிப் பிழைத்த பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

என்னிடம் தமிழ் படித்துவிட்டுப் பிறகு நர்சிங் முடித்த மாணவி ஒருத்தி தீக்காய வார்டில் இருக்கிறாள். போன வருடம் போன் செய்தாள். “மேடம், குழாய் போட்டிருக்கிறவங்க தொட்டுக் காட்ட ஒரு அட்டை வேணும். நீங்க வார்த்தை எழுதிக் குடுங்க.” 247 எழுத்தையும் போட முடியாது. வலி, தண்ணீர், மூச்சு முட்டுது, குளிருது, அம்மா, பிள்ளை எங்கே என்று எழுதினேன். பிறகு, பயமாயிருக்கு, போலீஸ் வேணும், இவங்களை வெளியே அனுப்புங்க என்று மூன்று சேர்த்தேன். அனுப்பிய இரண்டாம் நாள் மறுபடி அழைத்தாள்.

“முகம் வீங்கிக் கண்ணு மூடிப்போயிருது மேடம். அட்டைய எங்க பாக்குறது? நாங்க ஒவ்வொண்ணா வாசிக்கிறோம், ஆமான்னா கால் விரலை அசைக்கச் சொல்றோம். நிறைய வாசிச்சா சோர்ந்துடுறாங்க. எதை முதல்ல வாசிக்கட்டும்?”

கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் எழுதியிருந்ததை முதலில் வாசிக்கச் சொன்னேன். “ஆனா அதுக்கு முன்னாடி கூட இருக்கிறவங்களை ஏதாவது மருந்து வாங்கிட்டு வரச்சொல்லிக் கடைக்கு அனுப்பிடு.”

“அது தெரியும் மேடம்” என்றாள். “எப்பவும் அப்படித்தான் செய்றேன்.”