பெயரேட்டைக் காப்பவர் யார்?

மனிதர் பெயரால் நினைவு கொள்கின்றனர். யந்திரங்களோ எண்ணால் வழி அறிகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நின்று, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாடே டி.என்.எஸ். என்பது. அதனைப் பெயரேடு என்று தமிழில் வழங்கலாம். தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழர் ஒருவர், தம் ஊர்ச் செய்தியை அறிய இணையத்தில் ஒரு நாளிதழைத் திறக்கும்போது, அவரறியாமலே அந்த ஏடு புரட்டப்படுகிறது. புதிய நகரத்திற்கு வந்தவர் முகவரி விசாரிப்பது போன்றதே இது. கேட்கப்பட்டவர் தவறாகக் கை காட்டினால், நடந்தவர் வேறு தெருவில்தான் நிற்பார். ஆகவே, ஏட்டைக் காப்பவர் யார் என்ற வினா சிறியதன்று.

அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் என்னும் வலையில் 1970-களில் இருந்த கணிப்பொறிகள் சொற்பமே. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் அடங்கின. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அப்பட்டியலைப் பேணியது. ஏனையோர் அதனைப் பிரதி எடுத்துக் கொண்டனர். வலை வளர வளர, ஒரே பட்டியலால் ஈடுகொடுக்க இயலவில்லை.

1983-ஆம் ஆண்டு, தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பால் மொக்கபெட்ரிஸ், ஜான் போஸ்டலின் தூண்டுதலால் புதிய முறை ஒன்றை வகுத்தார். முழு ஏட்டையும் ஒருவரே வைத்திருக்க வேண்டாம் என்பதே அதன் அடிப்படை. வேர், கிளை, சிறு கிளை என ஒரு மரத்தைப் போல் பொறுப்பு பகிரப்பட்டது. ஒவ்வொரு கிளைக்கும் அதன் உரிமையாளரே விடை கூறுவார். 1987-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அஸ்திவாரமாக விளங்குகின்றன.

ஆயினும், மரத்தில் ஏறி விடை தேடுபவர் நாமல்லர். நம் சார்பில் வேறொரு கணிப்பொறி அதனைச் செய்கிறது. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15-இல் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. அன்று தொட்டு, இணைப்பை விற்கும் நிறுவனமே இத்தேடலையும் செய்து தருவது வழக்கமாயிற்று. அதில் தாமதம் நேர்ந்தாலும், விடை திரிந்தாலும், பெரும்பாலோர் அதனை உணர்வதில்லை.

இந்நிலையில், 2006-இல் டேவிட் யூலெவிச் தொடங்கிய ஓபன் டி.என்.எஸ். என்னும் மாற்றுச் சேவை, விரைவையும் வடிகட்டலையும் ஒருங்கே அளிக்க முன்வந்தது. 2009 டிசம்பரில் கூகிள் 8.8.8.8 என்ற எண்ணில் தன் சேவையைத் தொடங்கிற்று. 2017-இல் 9.9.9.9 என்ற எண்ணில் குவாட் நைன் வந்தது. 2018 ஏப்ரல் முதல் நாளில் 1.1.1.1 என்ற எண்ணில் கிளவுட்ஃபிளேர் வந்தது.

இவற்றால் வேகம் கூடுமா? பெயர் தேடும் நேரம் குறையலாம். ஆனால் இணைப்பின் கொள்ளளவு ஒரு சிறிதும் மிகாது. படம் இறங்கும் வேகம் கம்பியையும் கோபுரத்தையும் பொறுத்தது. தொலைவிலுள்ள சேவையை நாடினால், அண்மையிலிருக்கும் பிரதியை விட்டு, எட்ட உள்ள பிரதிக்கு நம்மை அனுப்பி விடுதலும் உண்டு.

வடிகட்டல் இருபுறமும் கூரான கத்தி. ஏமாற்றுத் தளங்களின் பெயருக்கு விடை தர மறுப்பதால் குவாட் நைன் பலரைக் காக்கிறது. குழந்தைகளுக்கு ஒவ்வாதவற்றை மறைக்கும் சேவைகளும் உள்ளன. ஆனால் இதே கருவி ஆட்சியாளர் கையிலும் அமையும். 2014 மார்ச்சில் துருக்கி அரசு ட்விட்டரைத் தடுத்தபோது, மக்கள் 8.8.8.8 என்ற எண்ணை இஸ்தான்புல் நகரச் சுவர்களில் எழுதி ஒருவருக்கொருவர் அறிவித்தனர். சில நாட்களுக்குள் அந்நாட்டு இணைய நிறுவனங்கள் அவ்வெண்ணுக்குச் செல்லும் கேள்விகளையே இடைமறித்துத் தாமே விடை கூறின. கேட்டவர் கூகிளே பேசுகிறது என்று நம்பியிருப்பார்!

பொய் விடையின் அபாயம் முன்பே வெளிப்பட்டிருந்தது. 2008-இல் டான் காமின்ஸ்கி, தேடும் கணிப்பொறிகளின் நினைவில் போலி விடையைப் புகுத்த இயலும் என்று காட்டினார். அதன் பின், 2010-இல் வேரிலுள்ள விடைகளுக்கு மின் கையொப்பம் இடப்பட்டது. 2018-இல் கேள்வியையும் விடையையும் மறைகுறியாக்கி அனுப்பும் புதிய விதி வெளியாயிற்று. எனினும் மறைகுறி வழிப்போக்கரிடமிருந்தே காக்கும். விடை கூறுபவருக்கு நம் கேள்விகள் யாவும் தெரியும்.

மற்றோர் இடரும் உண்டு. பலருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட மரத்தின் வாயிலில் இன்று சில பெரிய நிறுவனங்களே நிற்கின்றன. 2025 ஜூலை 14-இல் கிளவுட்ஃபிளேரின் சேவை 62 நிமிடங்கள் தடைப்பட்டது. அதனை மட்டும் நம்பியிருந்தோர்க்கு, இணைப்பு இருந்தும் இணையம் இல்லாதது போலாயிற்று.

எனவே, மாற்றுச் சேவையை நாடுவோர் மூன்றைக் கேட்டறிதல் நன்று: அது எதனை மறைக்கிறது? எதனை நினைவில் வைக்கிறது? எந்த நாட்டின் சட்டத்திற்கு உட்பட்டது? இரு வேறு நிறுவனங்களின் எண்களைச் சேர்த்து அமைத்துக் கொள்வதும் விவேகம். ஏட்டை மாற்றுவது சில நொடிப் பணி. தக்கவரிடம் அதனை ஒப்படைப்பதே நம் பொறுப்பு.