சின்சினி

சின்சினி, ராஜஸ்தானில் டீக் நகருக்கும் பரத்பூருக்கும் இடையே உள்ள ஜாட் சிற்றூர். 2023இல் டீக் தனி மாவட்டமாகும் வரை பரத்பூர் மாவட்டத்தில் இருந்தது. பரத்பூரை ஆண்ட சின்சின்வார் குலத்துக்குப் பெயர் கொடுத்தது இவ்வூர்தான். இதன் எழுச்சியை ஹைதராபாத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

மதுரா வட்டார ஜாட் உழவர்கள் முகலாய அதிகாரிகளை எதிர்த்து 1669இல் கிளர்ந்தெழுந்தார்கள். தலைமை ஏற்றவர் தில்பட் ஜமீன்தார் கோகுலா. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவரை ஆக்ராவில் அங்கம் அங்கமாக வெட்டிக் கொன்றார்கள்.

சின்சினியின் ராஜாராம் தலையெடுத்தபோது நிலைமை மாறியிருந்தது. ஔரங்கசீப் 1681இலேயே தக்காணம் போய்விட்டார். 1687இல் அவருடைய பெரும்படை ஹைதராபாத்தை ஒட்டிய கோல்கொண்டாக் கோட்டை வாசலில் எட்டு மாதம் முடங்கிக் கிடந்தது. வடக்கே போதிய துருப்பு இல்லை. தெற்கே போகும் கஜானா வண்டிகளோ ஆக்ரா, தோல்பூர் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தச் சாலையில் கைவைத்தார் ராஜாராம். காடுகளுக்குள் மண்கோட்டைகள் எழுப்பி, உழவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் பிளக்கும். தடித்த மண்மதில் அதை விழுங்கிக்கொள்ளும்.

1688 தொடக்கத்தில் அவர் எதிர்கொண்டது ஒரு ஹைதராபாத்காரரை. கோல்கொண்டாத் தளபதியாக இருந்து 1685இல் முகலாயர் பக்கம் சாய்ந்த மீர் இப்ராஹிம், மகாபத் கான் என்ற பட்டத்தோடு பஞ்சாப் சுபேதாராகப் போய்க்கொண்டிருந்தார். சிக்கந்தரா அருகே யமுனைக்கரையில் அவர் தங்கியிருந்த பாசறைமேல் ராஜாராம் பாய்ந்தார். 400 பேரை இழந்து பின்வாங்க நேர்ந்தது. ஆனாலும் சில நாளிலேயே திரும்பிவந்து அங்கிருந்த அக்பர் கல்லறையைச் சூறையாடினார். அக்பரின் எலும்புகளையும் தோண்டி எரித்ததாக இத்தாலியப் பயணி மனூச்சி எழுதுகிறார். கோகுலாவின் சாவுக்கு ஜாட்டுகள் வாங்கிய பழி என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். அந்த ஜூலையில் ராஜாராம் போரில் மாண்டார்.

பிறகு முகலாய இளவரசர் பீதர் பக்தும் ஆம்பேர் அரசர் பிஷன் சிங்கும் சின்சினியை முற்றுகையிட்டார்கள். மதிலடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து நிரப்பினார்கள். ஜாட்டுகள் அதைக் கண்டுபிடித்து, வாயைக் கல்லால் அடைத்துவிட்டார்கள். திரி வைத்ததும் வெடி பின்பக்கம் சீறித் தோண்டியவர்களையே கொன்றது. இரண்டாவது சுரங்கத்தில்தான் மதில் சரிந்தது. 1690 ஜனவரியில் கோட்டை விழுந்தது. ஜாட்டுகளில் 1,500 பேர் மடிந்ததாக வரலாற்றாசிரியர் யதுநாத் சர்க்கார் கணக்குத் தருகிறார்.

அடுத்த ஜாட் தலைவர் சூரமன் 1704இல் ஊரை மீட்டார். மறு ஆண்டே அது மீண்டும் பறிபோனது. 1722க்குப் பின் அதே குலத்துப் பதன் சிங் டீகில் வேரூன்ற, அவர் மகன் சூரஜ் மல் பரத்பூரைப் பெரிய அரசாக்கினார். அங்கே எழுந்த லோகாகர் கோட்டைக்கும் வெளிமதில் மண்தான். 1805இல் லேக் பிரபுவின் ஆங்கிலேயப் படை நான்கு முறை மோதியும் அதைத் தாண்ட முடியவில்லை.