நார்தர்ன் லீக், 1889–90

இங்கிலாந்தின் வடகிழக்கில் நடைபெறும் நார்தர்ன் லீக் கால்பந்துப் போட்டியின் முதல் பருவம் இது. பத்துக் கழகங்கள் ஆடின. டார்லிங்டன் செயின்ட் அகஸ்டின்ஸ் வாகை சூடியது. இன்றுவரை நீடிக்கும் கால்பந்து லீக்குகளில், 1888இல் தொடங்கிய ஃபுட்பால் லீகுக்கு அடுத்தபடியாக மூத்தது நார்தர்ன் லீக்கே.

தோற்றம்: ஃபுட்பால் லீகின் முதல் பன்னிரண்டு கழகங்களில் ஆறு லங்காஷயரையும் ஆறு மத்திய இங்கிலாந்தையும் சேர்ந்தவை. நிலக்கரியும் இரும்பும் கப்பல் கட்டுமானமும் செழித்த வடகிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் சனிக்கிழமை பிற்பகலில் வேலை முடிந்து ஆட்டம் பார்க்க வரும் தொழிலாளர் கூட்டத்துக்கு அங்கே குறைவே இல்லை. குறைவாக இருந்தது ஒழுங்குதான். கோப்பைப் போட்டியில் தோற்ற அணிக்கு அடுத்த வாரம் ஆட்டம் இருக்காது. நட்புமுறை ஆட்டங்களோ கடைசி நேரத்தில் ரத்தாகும். எல்லாரும் எல்லாரையும் முன்கூட்டிக் குறித்த நாளில் சந்திக்கும் லீக் முறை இதற்கு மருந்தாக வந்தது. பொறியாளர் சார்லஸ் சாமுவேல் கிரேவனின் முயற்சியால் 1889 மார்ச் 25 அன்று டர்ஹாம் நகரின் த்ரீ டன்ஸ் ஹோட்டலில் கூடிய கூட்டத்தில் லீக் பிறந்தது. வடகிழக்குக் கால்பந்து அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

கழகங்கள்: டைன் ஆற்றங்கரையிலிருந்து நியூகாசில் ஈஸ்ட் எண்ட், நியூகாசில் வெஸ்ட் எண்ட், எல்ஸ்விக் ரேஞ்சர்ஸ், டர்ஹாம் மாவட்டத்திலிருந்து பர்ட்லி, ஆக்லாண்ட் டவுன், டார்லிங்டன், டார்லிங்டன் செயின்ட் அகஸ்டின்ஸ், ஸ்டாக்டன், டீஸ் ஆற்றின் தென்கரையிலிருந்து மிடில்ஸ்பரோ, சவுத் பேங்க்.

இவற்றுள் மிகப் பழையது 1868இல் தோன்றிய சவுத் பேங்க். ஆக்லாண்ட் டவுனின் கதை தனி. பிஷப் ஆக்லாண்டில் இறையியல் பயின்ற ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய தேவாலயக் கழகத்திலிருந்து பிணக்கால் பிரிந்து வந்தது அது. அந்த இரு பல்கலைக்கழகங்களின் கருநீலமும் வெளிர்நீலமுமே அதன் நிறங்களாகத் தொடர்ந்தன. பின்னாளில் பிஷப் ஆக்லாண்ட் என்ற பெயரில் அமெச்சூர் கோப்பையைப் பத்து முறை வென்ற கழகம் இதுதான். ஈஸ்ட் எண்ட், பைக்கர் பகுதியில் 1881இல் ஸ்டான்லி என்ற பெயரில் உருவானது. டர்ஹாமில் அதே பெயரில் ஓர் ஊர் இருந்த குழப்பத்தால் மறு ஆண்டே பெயரை மாற்றிக்கொண்டது.

வீரருக்குச் சம்பளம் கொடுப்பதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885இலேயே அனுமதித்துவிட்டது. ஆகவே நார்தர்ன் லீகில் தொழில்முறை அணிகளும் அமெச்சூர் அணிகளும் கலந்தே இருந்தன. இந்தக் கலப்பே தொடக்கக் கால லீகின் உயிர்ப்பு. மிடில்ஸ்பரோ கழகம் சம்பளப் பிரச்சினையால் 1889இல் பிளவுபட்டது. பிரிந்தவர்கள் அமைத்த மிடில்ஸ்பரோ அயர்னாபொலிஸ் இப்பருவத்தில் இடம்பெறவில்லை.

முடிவு: டார்லிங்டனில் இருந்த இரு கழகங்களில் ஊர்ப்பெயரை மட்டும் தாங்கியதை அல்ல, கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சார்ந்து வளர்ந்ததையே முதல் பட்டம் சேர்ந்தது. செயின்ட் அகஸ்டின்ஸ் பின்னர் மறைந்துபோனது. ஆனாலும் லீகின் வாகையர் பட்டியலின் முதல் வரியில் அதன் பெயர் நிற்கிறது.

பின்விளைவு: அடுத்த மூன்று பருவங்களிலும் அயர்னாபொலிஸே வென்றது. 1892இல் வெஸ்ட் எண்ட் கலைய, அதன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம் ஈஸ்ட் எண்டுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஈஸ்ட் எண்ட், நியூகாசில் யுனைடெட் ஆனது. மிடில்ஸ்பரோ 1899இல் ஃபுட்பால் லீகுக்குச் சென்றது. 1906இல் நார்தர்ன் லீக் முழு அமெச்சூர் போட்டியாயிற்று. இப்போது இரு பிரிவுகளுடன் இங்கிலாந்துக் கால்பந்து அடுக்கின் 9, 10ஆம் நிலைகளில் நடைபெறுகிறது.