குழந்தைக்கு எதைப் புதிதாக வாங்குவது, எதைப் பாவித்ததாக எடுப்பது?

முதல் பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் வீடுகளில் நடக்கும் கொள்வனவைக் கவனித்தால் ஒரு விடயம் விளங்கும். பிள்ளை பார்க்க வருபவர்களின் கண்ணில் படுபவை எல்லாம் புதிதாக வாங்கப்படுகின்றன: உடுப்பு, பெயர் பொறித்த போர்வை, சோடித்த கட்டில் செட். கண்ணில் படாத மெத்தையும், காரில் பூட்டும் குழந்தை ஆசனமும் யாரோ தந்ததாக இருக்கும். என்னைக் கேட்டால் காசு போக வேண்டிய திசை இதற்கு நேர் எதிரானது.

2022 இன் நெருக்கடிக்குப் பிறகு விலைகள் ஏறிய ஏற்றத்தில், பாவித்த பொருட்களைத் தேடாத இளம் குடும்பங்கள் குறைவு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனது மூன்று பிள்ளைகளும் ராத்தாவின் பிள்ளைகள் உறங்கிய, பூச்சுப் பூசாத தேக்குக் கட்டிலில்தான் உறங்கினார்கள். மாமி வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் கடன்பட்டுப் புதிது வாங்குவதுதான் எனக்கு விளங்காத காரியம்.

உடுப்பில் இருந்து தொடங்குவோம். பிறந்த குழந்தையின் சட்டை இரண்டு, மூன்று மாதத்தில் சிறுத்துவிடும். பலமுறை கழுவிய பருத்தித் துணி புதுத்துணியை விட மெதுமையானது. எனவே சட்டை, நெப்பித் துணி, துவாய் எல்லாவற்றையும் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். கழன்று விழக்கூடிய பொத்தானையும் கழுத்தருகே தொங்கும் நாடாவையும் மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்த உடுப்பு எங்கே இருந்தது என்று கேளுங்கள். அடுத்த பிள்ளைக்கு உதவும் என்று அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்த உருண்டைகளில் பலவற்றில் நப்தலின் இருக்கிறது. ஜீ6பீடீ என்ற நொதியம் குறைவாக உள்ள குழந்தைகளின் உடலில் நப்தலின் ஆவி சேர்ந்தால் செங்குருதிக் கலங்கள் உடையும். கடுமையான மஞ்சட்காமாலை வரும், சில வேளைகளில் அது மூளையையும் பாதிக்கும். பரம்பரையாக வரும் இக்குறைபாடு ஆண் பிள்ளைகளில்தான் அதிகம். பிறந்த சில நாட்களில் அது யாருக்கு இருக்கிறது என்று வீட்டில் எவருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே உருண்டை மணம் வீசும் துணியைப் பலமுறை கழுவி, பல நாள் வெயிலில் போடுங்கள். அதன் பிறகும் மணம் போகவில்லை என்றால் அதைப் பிள்ளைக்கு உடுத்த வேண்டாம். நீங்கள் எடுத்து வைக்கும் உடுப்புக்கு நன்றாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி போதும்.

மெத்தையைப் புதிதாக வாங்குங்கள். ஸ்கொட்லாந்தில் நடந்து 2002 இல் வெளியான ஓர் ஆய்வு, பாவித்த மெத்தையில், அதிலும் வேறு வீட்டில் இருந்து வந்த மெத்தையில், வழக்கமாக உறங்கிய குழந்தைகளிடையே திடீர் உறக்க மரணம் கூடுதலாக இருந்ததைக் கண்டது. மெத்தைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. என்றாலும் பழைய பஞ்சு நடுவில் குழிந்துவிடும், சிறுநீரும் பாலும் உள்ளே ஊறியிருக்கும், குப்புறப் புரண்ட பிள்ளையின் முகம் அந்தக் குழியில் புதையும். உங்கள் மூத்த பிள்ளையின் மெத்தை குழியாமல், கவர் கிழியாமல் இருந்தால் அது வேறு கதை. புதிய மெத்தை இறுக்கமானதாக இருக்கட்டும். கட்டிலின் ஓரத்துக்கும் மெத்தைக்கும் இடையே இரண்டு விரல் நுழையக் கூடாது. செட்டில் சேர்த்து விற்கும் தலையணையும் பக்கத்து உருளைகளும் எந்த நிலையிலும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடியவை அவை. விளிம்பைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பை அமெரிக்கா 2022 இல் சட்டம் போட்டே தடை செய்தது.

கட்டிலைப் பாவித்ததாக எடுக்கலாம், ஆனால் பரிசோதித்து எடுங்கள். கம்பிகளுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. சாதாரண சோடா ரின் ஒன்று அந்த இடைவெளியால் போகுமானால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கீழே இறங்கும் கட்டில்களை விட்டுவிடுங்கள். இறங்கும் பக்கம் கழன்று குழந்தைகள் நெரிபட்டதால்தான் 2011 இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. பூச்சையும் பாருங்கள். இலங்கையில் பூச்சுகளில் ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அதிகாரசபை விதித்த எல்லை 2013 இல் இருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வர்ணம் அடித்த கட்டிலில் ஈயம் இருக்கலாம், பல் முளைக்கும் பிள்ளை கடிப்பதோ கட்டிலின் விளிம்பைத்தான். அதை வீட்டுக்குள் சுரண்டிப் புதுப்பூச்சு அடிக்கப் போனால் தூசு வீடெங்கும் பரவும்.

கார் ஆசனத்தை யாரிடம் இருந்து வருகிறது என்று தெரிந்தால் மட்டும் எடுங்கள். விபத்தில் ஒருமுறை அடிபட்ட ஆசனம் வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். பிளாஸ்டிக்குக்கு ஆயுளும் உண்டு. பல தயாரிப்புகளின் அடியில் உற்பத்தித் திகதி பொறித்திருக்கும், காலாவதித் திகதியும் சிலவற்றில் இருக்கும். உங்கள் சொந்தச் சகோதரி தந்தால், அந்தக் காரின் கதை உங்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் பார்த்துத் தெரியாதவரிடம் வாங்கும்போது அவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

பால் எடுக்கும் பம்பும் அப்படித்தான். ஒருவர் மட்டும் பாவிப்பதற்கான மின்சாரப் பம்புகளில் பல, பாலோ ஈரமோ மோட்டாருக்குள் போகக்கூடியவை. குழாயை மாற்றினாலும் உள்ளே பிடித்த பூஞ்சணத்தைக் கழுவ முடியாது. போத்தலும் சூப்பும் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், எடுத்து வைத்த பாலைச் சிறு கோப்பையால் கொடுக்கலாம். உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேட்டால் செய்து காட்டுவார். தவிர்க்க முடியாமல் போத்தல் வாங்குவதென்றால் புதிது வாங்குங்கள். பழைய பொலிகாபனேற் போத்தல்களில் இருந்து பாலில் கலக்கும் பிஸ்பினோல் ஏ காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் அவற்றைத் தடை செய்தது.

நடைவண்டி, அதாவது சில்லுப் பூட்டிய வோக்கர், புதிதாகவும் வேண்டாம், பழையதாகவும் வேண்டாம். 2004 இல் இருந்து கனடாவில் அதன் விற்பனைக்குத் தடை, பாவித்ததை விற்பதும் அதில் அடங்கும். படியில் இருந்து உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளைகள்தான் காரணம். அது நடையை விரைவுபடுத்துவதும் இல்லை.

வெளிநாட்டில் இருந்து உறவினர் பெட்டியில் அனுப்பும் பொருட்களுக்கு ஒரு வேலை கூடுதல். பெயரையும் மாதிரி எண்ணையும் இணையத்தில் தேடி, மீளப் பெறப்பட்டதா என்று பாருங்கள். பிஷர் பிரைஸ் நிறுவனத்தின் ரொக் அன் பிளே என்ற சாய்வுப் படுக்கைகள் ஏறத்தாழ 47 இலட்சம் 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் மீளப் பெறப்பட்டன. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. இப்படி மீளப் பெறப்பட்ட பொருள் ஒருவரின் களஞ்சிய அறையில் பல வருடம் கிடந்து, நல்லெண்ணத்தோடு நமக்கு வந்து சேரலாம். ஒளிரும், பாட்டுப் பாடும் விளையாட்டுப் பொருட்களில் பற்றரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்தில் உணவுக்குழாய் கருகிவிடும்.

உறவினர்கள் என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டால், இன்னொரு சட்டைக்குப் பதிலாக மெத்தைக்கு நாலு பேர் சேர்ந்து காசு போடச் சொல்லலாம். நான் எனது தங்கைக்கு அப்படித்தான் செய்தேன்.

பரிசோதனையில் தவறிய பொருளை ஸதகா என்று இன்னொரு ஏழை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். விபத்துக்குள்ளான ஆசனத்தின் பட்டிகளை வெட்டி, மேலே ‘பாவிக்க வேண்டாம்’ என்று மார்க்கரால் பெரிதாக எழுதி, அதன் பிறகு குப்பை வண்டியில் போடுங்கள். எழுதாமல் போட்டால் யாராவது எடுத்துக் கழுவித் திரும்பவும் விற்பனைக்கு வைத்துவிடுவார்கள்.