மெழுகில் நட்ட பற்கள்

பல் வரிசை கோணலாக இருந்தால் 'கிளிப் போடணும்' என்பது நம் வீடுகளில் வழக்கமாகக் காதில் விழும் பேச்சு. கிளிப் என்றால் பல்லில் ஒட்டிய பொட்டுகளும் அவற்றின் வழியே ஓடும் கம்பியும். இப்போது அந்த இடத்துக்கு, பல்லின் மேல் உறைபோலக் கவிந்து உட்காரும் பிளாஸ்டிக் தட்டு வந்திருக்கிறது. கண்ணாடிபோல் இருப்பதால் போட்டிருப்பதே தெரியாது. அலைனர் என்று பெயர். இதன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1997இல் தொடங்குகிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்த ஜியா சிஷ்டி, கெல்சி வர்த் என்ற இருவர் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; இருவருமே பல் மருத்துவர்கள் இல்லை; மருத்துவ உலகம் நூறாண்டாகக் காணாத ஒன்றை வெளியாட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று போகும் கதை. கேட்கச் சுவைதான், ஆனால் பாதிதான் உண்மை. அந்த யோசனை அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே அச்சேறியிருந்தது. அதைச் செய்து முடிக்கத் தோதான பட்டறைதான் இல்லை. அலைனர் ஒரு பட்டறைப் புரட்சி, வாய்க்குள் இருக்கும் எலும்பு அதைப் பற்றி இன்னும் கேள்விப்படவே இல்லை என்பது என் கட்சி.

எலும்பின் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். முதல் நூற்றாண்டில் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் ஒரு கைவைத்தியம் எழுதிவைத்தார். பால்பல் விழுமுன் புதுப்பல் முளைத்துவிட்டால் பால்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப்பல்லைத் தினமும் விரலால் அதன் இடத்துக்குத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். மெல்லத் தள்ளு, நாள்தோறும் தள்ளு என்ற இரண்டும் அதிலேயே வந்துவிட்டன. 1728இல் பாரிஸின் பியேர் ஃபோஷார் தம் பல் மருத்துவ நூலில் லாட வடிவத்தில் வளைத்த உலோகப் பட்டை ஒன்றைக் காட்டினார்; பல்லை நூலால் அதில் கட்டி இழுப்பது முறை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் ஜான் நட்டிங் ஃபாரார் திருகாணி வைத்துத் தள்ளினார், கூடவே ஒரு கணக்கும் சொன்னார்: ஓர் அங்குலத்தை 240 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு காலையில், ஒரு பங்கு இரவில், அதற்கு மேல் கூடாது. ஏன் கூடாது என்பதற்கான விடை 1904இல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களில் செய்த சோதனையில் கிடைத்தது. பல்லைத் தள்ளினால் அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புது எலும்பு படிகிறது. விசை அளவு மீறினாலோ வேருக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள திசு உயிரற்றுப்போய் வேலை நின்றுவிடுகிறது. ஆகவே பல் நகர்வதன் வேகத்தை நிர்ணயிப்பது உயிரணுக்கள். கருவி எதுவானாலும் அவற்றிடம் தவணை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த காட்சி 1945. இந்தியானா மாநிலத்தில் பல் சீரமைப்பு மருத்துவராக இருந்த ஹரால்ட் கெஸ்லிங்கின் கவலை வேறு. கம்பி வேலை முடிந்த பிறகும் அங்கங்கே சின்னச் சின்ன இடைவெளியும் திருப்பமும் மிஞ்சிவிடும். அதைச் சரிசெய்ய அவர் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். நோயாளியின் வாயில் அளவெடுத்து மாவில் வார்ப்பார்கள். கை முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோமே, அந்த மாவின் உறவுதான். காய்ந்த வார்ப்பில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இழைபோன்ற ரம்பத்தை விட்டு ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே அறுத்தெடுப்பார்கள். தொடும் முனை நசுங்கக் கூடாது, அகலமும் குறையக் கூடாது. அறுத்த மாவுப் பற்களை இளக்கிய மெழுகில் ஒவ்வொன்றாக நட்டு, எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்துவார்கள். அதாவது முடிவு முதலில் வந்துவிடுகிறது. அந்த வரிசையின் மேல் ரப்பரில் ஒரு வார்ப்பு எடுத்து நோயாளியிடம் கொடுத்தால், அவர் அதைக் கடித்துக் கடித்தே பற்களை மெழுகில் நட்ட இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கெஸ்லிங் அத்தோடு நிறுத்தவில்லை. பற்களைச் சிறிது சிறிதாக மாற்றி நட்டு, அடுத்தடுத்துப் பல வார்ப்புகள் கொடுத்தால் பெரிய நகர்வுகளையும் செய்யலாம், இன்று அது நடைமுறைக்கு ஏற்றதல்ல, பின்னாளில் ஆகலாம் என்ற கருத்தையும் அதே கட்டுரையில் வைத்தார். இன்றைய அலைனரின் கொள்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

கெஸ்லிங் சொன்னது ஓர் ஊகம், ஊகம் சொன்னவரையெல்லாம் மூலவர் ஆக்க முடியுமா என்று கேட்கலாம். அந்த ஊகம் அனாதையாகக் கிடந்திருந்தால் கேள்வி நியாயமே. ஆனால் கைகள் மாறி மாறி அது வந்துகொண்டிருந்தது. 1964இல் ஹென்றி நஹூம், பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, வார்ப்பின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைக்கும் முறையில் பல்லுக்கான தட்டுகளைச் செய்து காட்டினார். 1971இல் ராபர்ட் போனிட்ஸ் அதே வகைத் தட்டைக் கண்ணுக்குத் தெரியாத ரிடெய்னர், அதாவது நகர்ந்த பல் திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கும் தட்டு, என்று அறிமுகம் செய்தார். 1990களின் தொடக்கத்தில் லூயிசியானாவின் ஜான் ஷெரிடன், எசிக்ஸ் என்ற மெல்லிய தட்டைக் கொண்டே பல்லை நகர்த்தினார். தள்ள வேண்டிய பக்கத்தில் சூடான இடுக்கியால் தட்டில் ஒரு குழி அழுத்துவார். அது உட்புறம் புடைத்துப் பல்லை உந்தும். பல் போய்ச் சேர வேண்டிய பக்கத்தில் இடம் விட்டிருப்பார். செல்சஸின் விரல்நுனி பிளாஸ்டிக்கில் திரும்பி வந்த இடம் என்று எனக்குத் தோன்றும். இத்தனை பேரும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நகர்வோடு நின்றுவிட்டதற்குக் காரணம் அறியாமை இல்லை, கணக்கு. ஒரு தட்டுக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் என்று வைத்தால், 5 மில்லிமீட்டர் நகர 20 தட்டுகள். ஒரு தாடையில் கடைவாய் ஞானப்பல் நீங்கலாக 14 பற்கள். 20 முறை வார்த்து, அறுத்து, நட்டால் 280 பற்களைக் கையால் நிறுத்த வேண்டும். இரண்டு தாடைக்கும் 560. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் துல்லியத்தில்! மெழுகு ஆறும்போது இழுக்கிற இழுப்பிலேயே அந்தக் கால் மில்லிமீட்டர் போய்விடும். ஒரே ஒரு நோயாளிக்கு இவ்வளவு கைவேலை செய்ய எந்த லேபும் முன்வராது, வந்தாலும் அந்தக் கூலியை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கணினி நுழைகிறது, அதுவும் பல் மருத்துவத்துக்காகப் பிறந்ததல்ல. ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக உறையவைத்துப் பொருள் செய்யும் முறைக்கு அமெரிக்கர் சக் ஹல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986இல் பெற்றார். பல்லை ஒளியால் அளவெடுக்கலாம் என்று பிரான்சின் ஃபிரான்சுவா டுரே 1973இலேயே ஆய்வேடு எழுதியிருந்தார். 1985இல் சூரிச்சில் மோர்மனும் பிராண்டெஸ்டீனியும் செரெக் கருவியால் பல் நிரப்பியைக் கணினி வழி கடைந்து நோயாளிக்கே பொருத்தியும் விட்டார்கள். அலைன் செய்தது இவற்றைக் கெஸ்லிங்கின் மெழுகோடு இணைத்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அந்த 'டிஜிட்டல்' எப்படி இருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மருத்துவர் பழையபடி பசை வைத்து அளவெடுத்து அனுப்புவார். மாவு வார்ப்பைப் பிசினுக்குள் புதைத்து, மெல்லிய படலம் படலமாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் படம் எடுத்து, அந்தப் படங்களை அடுக்கித் திரையில் முப்பரிமாண வடிவம் கட்டுவார்கள். வார்ப்பு அழிந்துபோகும். பிறகு திரையில் பற்களைத் தனித்தனியே வெட்டிப் பிரித்து நகர்த்துவதற்கு லாகூரில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள்; 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த வேலை கோஸ்டா ரிக்காவுக்குப் போயிற்று. ரம்பத்தின் இடத்தில் மவுஸ் வந்தது, அறுக்கும் கை மறையவில்லை. அந்தக் கை சம்பளம் குறைவான நாட்டில் இருந்ததும் இந்தப் புரட்சியின் ஒரு பகுதி. விளம்பரத்தில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. வாயிலேயே கேமரா விட்டு அளவெடுப்பது பிறகுதான் பரவியது. 2011இல் ஐடெரோ ஸ்கேனரைச் செய்த நிறுவனத்தை அலைன் வாங்கியது.

அப்படியானால் கண்டுபிடிப்பின் பெருமையை நான் மறுக்கிறேனா? இல்லை. நடத்திக் காட்ட முடியாத யோசனைக்கும் ஊரெல்லாம் கிடைக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் சின்னதல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதி கொடுத்த பிறகு, கம்பி போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்ட பெரியவர்கள் பல் சீரமைப்புக்கு வந்தது ஒரு சமூக மாற்றம். சாப்பிடும்போது கழற்றலாம், வழக்கம்போல் பல் துலக்கலாம் என்பதும் உண்மையான நன்மைகள். என் மறுப்பு வேறு இடத்தில். பட்டறையில் கிடைத்த துல்லியம் வாய்க்குள்ளும் அப்படியே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இந்த வெற்றியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு அளவிட்ட பதில் இருக்கிறது. கிராவிட்ஸும் கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 37 நோயாளிகளின் 401 முன்பற்களை எடுத்து, திரையில் திட்டமிட்ட நகர்வோடு வாயில் நிகழ்ந்ததை ஒப்பிட்டார்கள். சராசரியாக நிறைவேறியது 41 சதவீதம். ஈறிலிருந்து பல்லை வெளியே இறக்கும் நகர்வில் அது இன்னும் குறைவு. வழுவழுப்பான தட்டுக்குப் பல்லைப் பிடித்து இழுக்கப் பிடிமானம் கிடையாது. பிடிமானத்துக்காகப் பல் நிறப் பிசினில் சின்னப் புடைப்புகளை ஒட்டுகிறார்கள். பொட்டை ஒழிக்க வந்த தட்டு தனக்கென்று வேறொரு பொட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது! பொருளும் மென்பொருளும் திருந்திய பிறகு 2020இல் அதே வழியில் செய்த ஆய்வில் சராசரி 50 சதவீதமாயிற்று. நடுவே மீண்டும் அளவெடுத்துக் கூடுதல் தட்டுகள் போட்டுத்தானே சிகிச்சை முடிகிறது, முதல் தொகுதியை மட்டும் வைத்துக் கணக்கிடலாமா என்று கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் அந்த 'மீண்டும்' எப்போது, எந்தப் பல்லுக்கு என்று முடிவெடுப்பது வாயைப் பார்க்கும் ஒருவர். திரை தன் திட்டம் தவறியதைத் தானாக அறியாது.

இதை மறந்ததன் விளைவு ஒரு நிறுவனத்தின் வரலாறாகவே நம் முன் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப், பட்டறையை வைத்துக்கொண்டு மருத்துவரின் நாற்காலியை நீக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டது. தபாலில் வரும் பசையை வைத்து வீட்டிலேயே அளவெடுக்கலாம், இல்லையென்றால் கடையில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்; மருத்துவர் தொலைவிலிருந்து பார்த்து ஒப்புதல் தருவார்; தட்டுகள் தபாலில் வரும். விலை குறைந்தது மெய். கம்பி எட்டாத விலையில் இருந்தவர்களுக்கு அது ஒரு வாசலாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். 2019இல் பங்குச் சந்தைக்குப் போன நிறுவனம் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் கதவை மூடியது. அதைச் சாய்த்தது கடன், மருத்துவக் குறை அல்ல என்று ஒரு வாதம் உண்டு. கடன்தான் சாய்த்தது, சரி. ஆனால் கம்பி போட்ட மருத்துவர் கடையைக் கட்டிக்கொண்டு போனால் நோயாளியைப் பக்கத்துத் தெரு மருத்துவர் ஏற்றுக்கொள்ள, வாயைப் பார்த்து எழுதிய குறிப்பாவது இருக்கும். இங்கே பாதி நகர்ந்த பற்களோடு நின்றவர்களுக்குத் திரும்பிப் போய் உட்கார ஒரு நாற்காலியே கிடையாது.

அலைனின் முதல் காப்புரிமைகள் 2017இல் காலாவதியாகத் தொடங்கின. அதன் பிறகு பல நாடுகளில் பல நிறுவனங்கள் இதே தட்டுகளைச் செய்கின்றன; மேசைமேல் வைக்கும் அச்சுக் கருவி இருந்தால் ஒரு மருத்துவமனையே தனக்கு வேண்டியதை அச்சடித்துக்கொள்ளலாம். கெஸ்லிங்கால் முடியாத 560 பற்களை இன்று ஓர் இரவில் செய்துவிடலாம். ஆனாலும் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் தட்டு வாயில் இருந்தாக வேண்டும், பழைய எலும்பு கரைந்து புது எலும்பு படிய வாரங்களும் மாதங்களும் ஆகத்தான் செய்யும். கடைசித் தட்டும் முடிந்த பிறகு, நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க நோயாளியின் கையில் இன்னொரு தட்டைக் கொடுப்பார்கள். ஒரே ஒரு வார்ப்பின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி உறிஞ்சி ஒட்டவைத்த ரிடெய்னர் அது. போனிட்ஸ் 1971இல் காட்டிய அதே தட்டு.