பழங்கார்ச் சங்கங்கள்

பழங்கார்ச் சங்கம் என்பது பழைய மோட்டார் கார்களை வைத்திருப்பவர்களும் அவற்றின் மேல் பித்துக் கொண்டவர்களும் கூடி நடத்தும் அமைப்பு. பளபளவென்று துடைத்த வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைதான் ஊரார் கண்ணில் படும். மற்ற நாட்களில் அங்கே நடப்பது பெரும்பாலும் காகித வேலை: ஒரு வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று தீர்ப்புச் சொல்வது, மூடிப்போன கம்பெனியின் சேஸ் எண்களைப் பதிவேட்டில் ஏற்றுவது, கிடைக்காத உதிரிபாகத்தை மொத்தமாகச் செய்வித்து வைப்பது, இதழ் அச்சிடுவது, சந்தா வசூலிப்பது. இவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவதில்லை. வேறு தொழில் உள்ளவர்கள், அல்லது ஓய்வு பெற்றவர்கள். இந்த ஏற்பாடு 1930களில் பிரிட்டனில் உருப்பெற்றது என்பதால் இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்நாட்டைப் பற்றியது.

பிரைட்டன் சாலை

1865ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் குதிரையில்லாமல் ஓடும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. 60 கெஜம் முன்னால் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நடக்க வேண்டும். 1878இல் கொடி போனது, முன்னால் நடக்கும் ஆள் போகவில்லை. 1896 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அவரையும் அனுப்பிவிட்டு வேக வரம்பை 14 மைலாக உயர்த்தியது. அதிகாரிகள் அதை 12 மைலாகக் குறைத்தது வேறு விஷயம். மோட்டார் தொழிலில் இறங்கியிருந்த ஹாரி லாசன் என்பவர் அதே நாளில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை ஓர் ஊர்வலம் நடத்தினார். முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் கிளம்பின. பல வழியிலேயே படுத்துவிட்டன. வந்து சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்று ரயிலேறி வந்து, இறங்கியதும் உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பழங்கார் உலகத்தின் முதல் 'அசலா, போலியா' வழக்கு அதுதான் போலும்.

1927இல் 'டெய்லி ஸ்கெட்ச்' என்ற நாளிதழ் அந்தப் பயணத்தை நினைவு விழாவாக மறுபடி நடத்தியது. முப்பது வயதான வண்டி அப்போது காயலான்கடைச் சரக்கு. அதை ஓட்டி வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் கூட்டம் கூடியது. ஆனால் ஓட்டியவர்கள் சிரிக்கவில்லை. விழாவை ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஏற்று நடத்திய 1930ஆம் ஆண்டில், பயணம் முடிந்து பிரைட்டனின் ஓல்டு ஷிப் ஓட்டலில் கூடியவர்களிடையே ஒரு யோசனை எழுந்தது: வருஷத்துக்கு ஒரு நாள் ஓட்டிவிட்டுக் கலைவதற்குப் பதில், இவ்வண்டிகளைத் தேடிக் காப்பாற்ற நாமே ஒரு சங்கம் வைத்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் கிரேட் பிரிட்டனின் வெட்டரன் கார் கிளப். நிறுவியவர்களில் ஒருவரான எஸ்.சி.எச். டேவிஸ் 'தி ஆட்டோகார்' இதழின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். 1927 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், விபத்தில் நசுங்கிய பென்ட்லியை விடாமல் ஓட்டி, டாக்டர் பெஞ்சஃபீல்டுடன் சேர்ந்து வென்றவர். அப்பேர்ப்பட்டவர் பிரைட்டன் சாலைக்குக் கொண்டுவந்தது 1897ஆம் ஆண்டு லியோன் பொல்லே என்ற மூன்று சக்கர வண்டி.

இன்றும் நவம்பர் முதல் ஞாயிறு அன்று லண்டன் ஹைட் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 60 மைல் பயணம் நடக்கிறது. உலகப் போர் ஆண்டுகளிலும், பெட்ரோல் பங்கீட்டால் 1947இலும் நடக்கவில்லை. 1904ஆம் ஆண்டு முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிக்கு மட்டுமே இடம்.

பிறந்த தேதிப் பஞ்சாயத்து

அந்த 'மட்டுமே' என்ற சொல்தான் சங்க நிர்வாகிகளின் தலைவலி. ஒரு வண்டி 1904 டிசம்பரில் பிறந்ததா, 1905 ஜனவரியிலா என்பதைப் பொறுத்து அது பிரைட்டன் போகலாமா கூடாதா என்பது முடிவாகிறது. ஏலத்தில் அதன் விலையும் அதையொட்டியே ஏறி இறங்குகிறது. வெட்டரன் கார் கிளப் இதற்கென்றே ஒரு காலநிர்ணயக் குழு வைத்திருக்கிறது. விண்ணப்பித்த வண்டியை ஆராய்ந்து குழு கொடுக்கும் சான்றிதழ், பழங்கார் வாங்குவோர் விற்போர் நடுவில் ஜாதகம் போல மதிக்கப்படுகிறது.

ஆராய்வது சுலபமில்லை. முதல் தலைமுறைக் கார் கம்பெனிகளில் பல சில ஆண்டுகளே நடந்து மூடின. கணக்குப் புத்தகங்கள் காணாமல் போயின. எஞ்சின் எண்ணை வைத்துத் தேதி சொல்லலாம் என்றால், பிரான்சின் டி டியோன்-பூத்தோன் போன்ற கம்பெனிகள் தம் எஞ்சினை எத்தனையோ பேருக்கு விற்றன. வாங்கியவர் அதைத் தம் சேஸில் பொருத்தித் தம் பெயரைப் போட்டுக்கொண்டார். எஞ்சினுக்கு ஒரு பிறந்தநாள், சேஸுக்கு ஒன்று, பாடி கட்டியதற்கு இன்னொன்று. நடுவில் ஒரு விவசாயி பின்பக்கத்தை வெட்டிவிட்டுச் சரக்கு வண்டியாக்கியிருப்பார். ஆகவே வார்ப்பில் உள்ள எழுத்து, கார்புரேட்டர் வகை, அச்சாணி வடிவம், பழைய விலைப்பட்டியல், அந்நாளைய இதழ்களில் வந்த படம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆராய்கிறவருக்கு இதற்குக் கூலி கிடையாது. கிடைப்பது, இருபது ஆண்டாகப் பழகிய நண்பரிடம் "உங்கள் வண்டி நீங்கள் நினைப்பதைவிட ஒரு வயது இளையது" என்று சொல்லும் பாக்கியம்.

சொற்களுக்கும் எல்லைச் சண்டை உண்டு. 1904 வரை 'வெட்டரன்', 1905 முதல் 1918 வரை 'எட்வர்டியன்' என்பது பிரிட்டிஷ் வழக்கு. 1934இல் வேறொரு கூட்டம், கையில் அதிகம் காசில்லாத இளைஞர்கள், பழைய பந்தயக் கார்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'வெட்டரன்' என்ற சொல்லை அவர்கள் எடுக்க முதல் சங்கம் ஒப்பவில்லை. எனவே 'விண்டேஜ்' என்று வைத்துக்கொண்டார்கள். அதுதான் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப். தொடக்கத்தில் வண்டிக்கு ஐந்து வயது ஆகியிருந்தால் போதும். பிறகு 1930 டிசம்பர் 31 என்று கோடு கிழித்தார்கள். அதற்குப் பின் வந்தவை மொத்த உற்பத்தியில் தரமிழந்தவை என்பது அவர்கள் கட்சி. அது முழு நியாயம் என்று சொல்ல முடியாது. 1930களிலும் நல்ல வண்டிகள் வந்தன என்பதைப் பின்னாளில் அவர்களே ஒப்பி, தேர்ந்தெடுத்த சிலவற்றுக்குத் தனி வகுப்பு ஒதுக்கினார்கள். மதுவுக்கான திராட்சை விளைந்த ஆண்டைக் குறித்த சொல், இன்று சென்னையில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் எந்தப் பழைய வண்டிக்கும் பெயராகிவிட்டது; அதற்கு வழி திறந்தது ஒரு பெயர்த்தகராறு.

இச்சங்கத்தின் தூண்களில் ஒருவர் செசில் கிளட்டன் (1909–1991). தொழிலால் நிலமதிப்பீட்டாளர், தேவாலய ஆர்கன் வாத்தியங்களிலும் பழைய கடிகாரங்களிலும் நிபுணர், 1908ஆம் ஆண்டு இட்டாலா பந்தயக் காரைப் பல்லாண்டு ஓட்டியவர். சங்கத் தலைமைக்கு வருகிறவர்கள் பணக்காரர்கள் என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுகிறார்கள். பணத்தைவிட, நுணுக்கம் பார்க்கும் இந்தப் புத்திதான் அங்கே அதிகம் தேவைப்படுகிறது.

செயலாளர் ஆன கணக்கர்

ஒருவர் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கை தூக்குவதால் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதற்கு எம்.ஜி. கார் கிளப் நல்ல உதாரணம். 1930இல் ராய் மார்ஷ் என்ற எம்.ஜி. கார் சொந்தக்காரர், நமக்கு ஒரு சங்கம் வேண்டாமா என்று ஒரு மோட்டார் இதழுக்குக் கடிதம் எழுதினார். அதைப் படித்து முன்வந்தவர்களில் ஜான் தோர்ன்லி என்ற 21 வயதுக் கணக்கர் முதல் செயலாளர் ஆனார். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டீவனேஜ் அருகே ரோபக் விடுதியில் முதல் கூட்டம். சங்க வேலையாக எம்.ஜி.யின் ஆபிங்டன் தொழிற்சாலைக்குப் போய் வந்தவரை, கம்பெனியை நடத்திய செசில் கிம்பர் 1931இல் வேலைக்கே எடுத்துக்கொண்டார். 1952இல் தோர்ன்லி அங்கே பொது மேலாளர். 1955இல் எம்.ஜி.ஏ.வும் 1962இல் எம்.ஜி.பி.யும் அவர் காலத்து வண்டிகள். சங்கத்திலிருந்து கம்பெனிக்கு ஆள் போன அபூர்வக் கதை இது.

கதையின் மறுபாதி அத்தனை இனிமையானதல்ல. 1960களின் முடிவில், பெரிய குழுமத்தின் கைக்குப் போய்விட்ட கம்பெனி, சங்கத்துக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. 1980இல் ஆபிங்டன் தொழிற்சாலையே மூடப்பட்டது. உறுப்பினர்கள் நடத்திய சங்கம் மட்டும் நின்றது. அதன் அலுவலகம் இன்றும் பழைய தொழிற்சாலைக்குப் பக்கத்தில்தான். சங்கத்துக்குள் வகைவாரியாகப் பதிவேட்டுக் குழுக்கள் உண்டு. மிட்ஜெட், மாக்னா, மாக்னெட் ஆகிய மூன்றுக்குமான 'டிரிபிள்-எம்' பதிவேடு 1961இல் தொடங்கியது. எந்தச் சேஸ் எண் எந்த நாட்டில், எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருவது அதன் பணி.

அரசாங்கத்துக்குச் செய்யும் வேலை

பிரிட்டனில் வண்டிப் பதிவுகள் முன்பு மாவட்டக் கவுன்சில்களின் பேரேடுகளில் இருந்தன. அவை ஸ்வான்சீ நகரிலுள்ள மையக் கணினிக்கு மாறியபோது, 1983 நவம்பர் முடிவுக்குள் விவரம் தராத வண்டிகள் தம் பழைய எண்ணை இழந்தன. கொட்டகையில் தூசு படிந்து கிடந்த காரின் சொந்தக்காரருக்கு அந்த அறிவிப்பு எங்கே தெரியும்? இழந்த எண்ணைத் திரும்பப் பெற வி765 என்ற விண்ணப்பமுறை வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஆதாரத்தைப் பார்த்துக் கையெழுத்திடும் முதல் பொறுப்பு அரசு அதிகாரிக்கு அல்ல, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்துக்கு. பழைய பதிவுப் புத்தகம், வரி வில்லை, கவுன்சில் பேரேட்டின் நகல் ஆகியவற்றைப் பரிசீலித்து ஒரு தன்னார்வலர் பரிந்துரைக்கிறார். அப்படி மீண்ட எண்ணை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. கவர்ச்சியான பழைய எண்களை விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு வைத்த பூட்டு அது.

சட்டமன்றக் கதவைத் தட்டத் தனிச் சங்கங்களால் முடியாது என்பதால் 1988இல் பிரிட்டிஷ் வரலாற்று வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. 2018 மே முதல், 40 வயது கடந்து பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாயையும் அடைப்பான்களையும் அரிப்பது போன்ற புதிய தொல்லைகளைப் பற்றி உறுப்பினர்களை எச்சரிப்பதும் சங்கங்களின் பாடு.

பதவிக்கு வருவது எப்படி

சங்கத் தேர்தலில் போட்டி அரிது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் "செயலாளர் பதவி காலி, யாராவது முன்வருகிறீர்களா?" என்றதும் எல்லோரும் தம் காலணியைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஒரு கேஸ்கட் கிடைக்குமா என்று கேட்க வந்தவர் உதிரிபாகப் பொறுப்பாளராகித் திரும்பிய கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். தலைவர், செயலாளர், பொருளாளர் தவிர இதழாசிரியர், பதிவேட்டாளர், நூலகர் என்று பதவிகள் விரிகின்றன. இவற்றில் தலைவர் பதவிதான் எளிது. மாலை போட்டுக்கொண்டு பேசினால் போதும். இதழாசிரியரும் உதிரிபாகப் பொறுப்பாளரும் விலகினால்தான் சங்கம் ஆடும். பெரிய சங்கங்கள் அலுவலகத்துக்குச் சம்பள ஊழியர் வைத்துக்கொண்டாலும், முடிவெடுக்கும் குழு உறுப்பினர்களிலிருந்தே வருகிறது. வாரிசுப் பிரச்சினை எங்கும் உண்டு: ஒருவர் நாற்பது ஆண்டு சேர்த்த அறிவு, அவர் மறைந்த பின் குடும்பத்தார் பரணைக் காலி செய்யும் நாளில் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடலாம்.

புதிய உறுப்பினர்களைக் கொண்டுவந்ததில் ஒரு சினிமாவுக்கும் பங்குண்டு. 1953இல் வெளிவந்த, ஹென்றி கார்னீலியஸ் இயக்கிய 'ஜெனவீவ்' படத்தில் இரு நண்பர்கள் பிரைட்டனிலிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் பழங்கார்களில் பந்தயம் விடுகிறார்கள். கதாநாயகி ஒரு டராக் கார் என்றால் தப்பில்லை. அதற்குப் பின் காயலான்கடைச் சரக்கு குடும்பப் பொழுதுபோக்கானது.

அமெரிக்காவில் ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் 1935இல் ஃபிலடெல்ஃபியாவில் தோன்றியது. தலைமையகம் இப்போது பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில். 25 வயதான வண்டி எதுவும் அங்கே தகுதி பெறும். 400 புள்ளிக்கு மதிப்பிடும் நடுவர்கள் தன்னார்வலர்களே. அதற்கென்று பாடம் படித்து வர வேண்டும். 1966இல் அமைந்த பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு 30 ஆண்டை எல்லையாக வைக்கிறது.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவில் இவ்வழக்கத்தை ஊன்றியது ஒரு பத்திரிகைதான்: 'தி ஸ்டேட்ஸ்மன்' 1964இல் டெல்லியில் பழங்கார் ஓட்டத்தைத் தொடங்கியது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற சங்கங்கள் இயங்குகின்றன. இலங்கையில் மோரிஸ் மைனர் மேல் உள்ள பற்று, சங்கத்துக்கு வெளியிலும் ஒரு வேலை செய்தது: அங்குள்ள ஒரு பட்டறை அவ்வண்டிக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது.

இந்தியச் சட்டம் 2021 ஜூலையில்தான் பழங்காரைத் தனி வகையாக ஏற்றது. 50 வயது கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண் தரப்படும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பழங்கார் ஓட்டம், ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. பிரிட்டனைப் போல இங்கே சான்றளிக்கும் உரிமை சங்கத்துக்கு இல்லை. மாநில அரசு அமைக்கும் குழுவே வண்டியைப் பார்த்து முடிவு செய்யும். சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றமில்லை என்று காட்ட வேண்டும். தாத்தா காலத்து வண்டிக்கு அந்தத் தாளை எங்கே தேடுவது என்ற கேள்வியோடு உரிமையாளர் போய் நிற்கும் இடம், பெரும்பாலும் யாரோ ஒரு சங்கச் செயலாளரின் வீட்டு வாசல்.